போர்ட்டல்: கதவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

துவக்கு கைக்கு வந்தால் சுடத்தான் தோன்றும். போர்ட்டல் கேமில் ரவை தீராது என்பதால் இன்னும் கூடுதலாகத் தோன்றும். என் அண்ணன் மகன் விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால், சுவரெல்லாம் நீலமும் செம்மஞ்சளும் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில், "சித்தப்பா, இது ஒன்னும் சரிவராது, கேம்லதான் பிழை" என்பான். கேமில் பிழையில்லை. அவன் அந்த அறையை இன்னும் பார்க்கவேயில்லை.

தெரியாதவர்களுக்காக: வால்வ் நிறுவனம் 2007 ஒக்டோபரில் 'த ஒரேஞ்ச் பொக்ஸ்' தொகுப்போடு வெளியிட்ட கேம் இது. டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் செய்த 'நார்பகுலர் ட்ரொப்' என்ற சின்ன கேம்தான் இதன் விதை. அந்த மாணவர்களையே வால்வ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பழைய கேம் என்பது நமக்கு வசதி. தலவாக்கலையில் பௌதிகவியல் டியூஷன் பிள்ளைகளுக்காக நான் வைத்திருக்கும் பழைய டெஸ்க்டொப்பிலேயே திக்கித் திணறாமல் ஓடுகிறது.

இந்தத் துவக்கு யாரையும் கொல்லாது. சுவரில் வாசல் திறக்கும். மவுஸின் இடது பக்கம் நீலம், வலது பக்கம் செம்மஞ்சள். ஒன்றில் நுழைந்தால் மற்றதால் வெளியே வருவீர்கள். நீலத்தை இன்னொரு இடத்தில் சுட்டால் பழைய நீலம் மறைந்துவிடும். முதல் அறைகளில் நீலம் மட்டும்தான் உங்கள் கையில். 11ஆவது அறையில்தான் இரண்டும் கிடைக்கும்.

அறைக்குள் நுழைந்ததும் மவுஸ் பொத்தானிலிருந்து விரலை எடுங்கள். முதலில் வெளியேறும் கதவு எங்கே என்று தேடுங்கள். அந்தக் கதவை எது திறக்கிறது? தரையில் பெரிய சிவப்புப் பொத்தான் இருந்தால் அதன்மேல் வைக்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டி எங்கே கிடக்கிறது? உயரத்தில். அங்கே எப்படி ஏறுவது? எதிர்ச் சுவரில் ஒரு வாசல் வேண்டும். இப்படிக் கதவிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு வந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில்தான் வந்து முடியும். முன்னோக்கி யோசித்தால் போகக்கூடிய வழி பத்து தெரியும். பின்னோக்கி யோசித்தால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும்.

பிறகு சுவர்களைப் படியுங்கள். வெளிர் நிறக் கொங்கிரீட் போன்ற பரப்பு வாசலை ஏற்கும். கறுத்த உலோகத் தகடு ஏற்காது, பொறி பறந்து அணைந்துவிடும். அறையை வடிவமைத்தவர்கள் சும்மா ஒரு வெள்ளைத் தகட்டைத் தூக்கி உயரத்தில் வைக்கமாட்டார்கள். சுற்றிவர எல்லாம் கறுப்பாக இருந்து நடுவில் ஒரேயொரு வெள்ளைச் சதுரம் தெரிந்தால், விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது. மினுங்கும் திரை ஒன்று வழியில் நின்றால் கவனம்: அதைத் தாண்டினால் நீங்கள் வைத்த வாசல்கள் அழியும், கையில் கொண்டுபோகும் பெட்டியும் கரைந்துபோகும்.

நான் பிள்ளைகளை ஒரு சீஆர் கொப்பியில் அறையைக் கீறச் சொல்வேன். வெள்ளைச் சுவருக்கு இரட்டைக் கோடு, கதவுக்கு ஒரு வட்டம், பொத்தானுக்கு ஒரு புள்ளி. அழகாக வேண்டாம். கீறும்போதே சிலருக்கு வழி பிடிபட்டுவிடும்.

இனிப் பரிசோதனை. ரவை இலவசம், ஆகவே தாராளமாகச் சுடுங்கள். ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கட்டும். "இங்கே வைத்தால் அந்த மேடைக்கு எட்டுமா?" எட்டவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். முக்கியம், ஒரு வாசலை அசையாமல் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நகர்த்துங்கள். ஆய்வுகூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுவது போலத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

இதற்கு 10ஆவது அறைதான் நல்ல பாடம். அங்கே செம்மஞ்சள் வாசல் ஏற்கெனவே சுவரில் தயாராக இருக்கும். உங்கள் வேலை, கீழே குழியின் தரையில் நீலத்தை வைத்து மேலிருந்து குதிப்பது. விழுந்த வேகம் அப்படியே இருக்க, திசை மட்டும் மாறி, சுவரிலிருந்து கிடையாகப் பாய்வீர்கள். வாசல்களுக்கிடையே உந்தம் காக்கப்படுகிறது என்று கேமில் வரும் குரல் சொல்லும். உயர்தரப் பிள்ளைகள் இதைப் பரீட்சையில் எழுதிவைக்க வேண்டாம்! உந்தம் காவிக் கணியம், அதாவது பருமனோடு திசையும் சேர்ந்தது. திசை மாறினால் உந்தமும் மாறிவிட்டது. இங்கே காக்கப்படுவது பருமன் மட்டும்.

எவ்வளவு தூரம் போவோம் என்பதைக் கண்ணாலேயே மதிக்கலாம். வேகத்தின் வர்க்கம் விழும் உயரத்துக்கு நேர்விகிதம். ஆகவே வேகம் இரண்டு மடங்காக வேண்டுமானால் நான்கு மடங்கு உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். நேர்ச் சுவரிலிருந்து கிடையாகப் பாயும்போது, நான்கு மடங்கு உயரத்துக்கு இரண்டு மடங்கு தூரம்தான் கிடைக்கும். 45 பாகை சரிந்த தகட்டிலிருந்து பாய்ந்து ஏறக்குறைய அதே மட்டத்தில் இறங்கினால், இரண்டு மடங்கு உயரத்துக்கே இரண்டு மடங்கு தூரம். அதனால் சரிந்த தகடு கண்ணில் பட்டால் விடாதீர்கள். விழுந்தால் அடிபடாது, காலில் அதற்கென்றே பட்டைகள் உண்டு.

ஒரு பாய்ச்சல் போதாத அறைகளும் பின்னால் வரும். அப்போது காற்றில் இருக்கும்போதே, விழப்போகும் தரையில் நீலத்தை மறுபடி சுடுங்கள். இம்முறை இன்னும் உயரத்திலிருந்து விழுவதால், அதே செம்மஞ்சளால் இன்னும் வேகமாக வெளியே வருவீர்கள். செம்மஞ்சளை அசைக்கக்கூடாது என்பது இங்கே கட்டாயம்.

சில அறைகளில் சுவரில் மோதித் திரும்பும் சக்திப் பந்து ஒன்று வரும். அதை வாசல்கள் வழியாக அதற்கான குழிக்குள் அனுப்ப வேண்டும். அது உங்கள்மேல் பட்டால் கதை முடிந்தது. ஒரு பந்து அணைந்தால் அடுத்தது வரும், ஆகவே அவசரமில்லை. முதல் பந்தை ஒதுங்கி நின்று வெறுமனே பாருங்கள். அது சுவரில் விடும் கரிய அடையாளம்தான் நீங்கள் வாசல் வைக்க வேண்டிய இடம். மற்ற வாசலைப் பந்தை வாங்கும் குழிக்கு நேர் எதிரே வையுங்கள்.

16ஆவது அறையில் டரட்டுகள் வரும், உங்களைக் கண்டதும் தானாகச் சுடும் இயந்திரங்கள். பின்பக்கமாகப் போய்த் தள்ளிவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பெட்டியை முன்னால் பிடித்தால் கவசம். 17இல் இதயம் வரைந்த பெட்டி ஒன்று தருவார்கள். கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சரியான இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தவுடன் எஃப்6 அழுத்திச் சேமியுங்கள். தவறிப்போனால் எஃப்9 பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ஒரு பாய்ச்சலைத் திருப்பித் திருப்பிச் சோதிக்க இதைவிட நல்ல வழியில்லை. காற்றில் விழுந்துகொண்டிருக்கும்போது மட்டும் சேமிக்காதீர்கள்.

கதை முடிந்த பிறகு 13 முதல் 18 வரையான அறைகளுக்குச் சவால்கள் திறக்கும்: குறைந்த வாசல், குறைந்த காலடி, குறைந்த நேரம். முதலில் குறைந்த வாசலை எடுங்கள். அங்கே ரவை இலவசமில்லை, ஒவ்வொரு வாசலும் கணக்கில் ஏறும். சாதாரண விளையாட்டில் வேண்டியமட்டும் சோதித்து, கொப்பியில் வரிசையை எழுதிக்கொண்டு, பிறகு உள்ளே போங்கள். அடுத்தது அடிக் கணக்கு. காற்றில் பறக்கும் தூரத்துக்கு அடி எண்ணப்படாது என்பதை நினைவில் வைத்தால், நடந்து கடந்த இடங்களையெல்லாம் பாய்ந்து கடக்க வழி தேடுவீர்கள். நேரச் சவால் விரல் வேகத்தைக் கேட்பது. எனக்கு அதில் ருசியில்லை.