பழைய ஃபைபர் படகில் அழுகிய பிளைவுட் டெக்கை குறைந்த செலவில் மாற்றுவது எப்படி?

ஃபைபர் படகின் உடல் திடமாக இருக்கும்போதே டெக் போய்விடுவதை எல்லாக் கரையிலும் பார்க்கலாம். கால் வைத்தால் அமுங்கும், போல்ட்டைச் சுற்றிக் கறுப்பு நீர் கசியும். உள்ளே பிளைவுட் அழுகிவிட்டது என்று அர்த்தம். அதற்காகப் படகையே கழித்துவிட வேண்டியதில்லை. கையில் கிரைண்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நாமே மாற்றிவிடலாம்.

முதலில் ஏன் அழுகியது என்று தெரிந்துகொள்ளுங்கள். பலரும் கடல் தண்ணீரைக் குறை சொல்வார்கள். மரத்தை அழுக வைப்பது பூஞ்சை, உப்பு அதற்கு ஆகாது. பெரும்பாலும் மழைத் தண்ணீர்தான் காரணம். படகு கரையில் நிற்கும்போது டெக்கில் தேங்குகிற மழைநீர் ஸ்க்ரூ ஓட்டை, போல்ட் ஓரம், முடி அளவு விரிசல் வழியாக உள்ளே இறங்கும். பிளைவுட்டின் வெட்டு முனை அதை உறிஞ்சிக்கொள்ளும். மேலே ஃபைபர் மூடியிருப்பதால் அந்த ஈரம் வெளியே போகாது. ஆக, இந்த வேலையில் உயிர் நாடி இரண்டு இடங்கள்: பலகையின் விளிம்பும், நாம் போடும் ஓட்டைகளும்.

செலவு விஷயத்துக்கு வருவோம். கூலியில் மிச்சம் பிடியுங்கள். பழைய போல்ட், கொக்கி, மூடிகளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துங்கள். பலகையில் மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கடையில் கமர்ஷியல் என்று தருகிற சாதா பிளைவுட்டின் பசை தண்ணீரில் விட்டுப்போகும். ஐ.எஸ். 710 என்கிற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். சிறிய படகின் டெக்குக்கு 12 மி.மீ. போதும். கட்டுப்படி ஆகவில்லை என்றால் ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் ரகம்) வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஃபைபரை இறுக வைக்கும் பிசின்தான் ரெசின். எபாக்ஸி ரெசின் மரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை கூடுதல். இந்த வேலைக்குச் சாதாரண பாலியஸ்டர் ரெசினே போதும் என்பது என் கருத்து.

8-க்கு 4 அடி பலகை ஒன்று கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். அதன் மேல் 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, இரண்டு அடுக்கு போட 2.7 கிலோ மேட் ஆகும். மேட்டின் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் வேண்டும், அதாவது ஏறக்குறைய 7 கிலோ. அடிப்பக்கம், விளிம்பு, சேதாரம் எல்லாம் சேர்த்துப் பலகைக்குப் 10 கிலோ என்று கணக்கு வைத்தால் நடுவில் கடைக்கு ஓட வேண்டியிருக்காது.

எப்போது செய்வது? பிப்ரவரி, மார்ச். வடகிழக்கு மழை ஓய்ந்து காய்ந்திருக்கும். ஏப்ரல் 15-ல் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் பட்டறைகளில் கூட்டம் சேர்ந்துவிடும்.

தட்டிப் பார்த்துக் குறிப்பது

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் டெக் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் 'டொக்' என்று கேட்கும், அழுகிய இடம் 'மொத்' என்று அடங்கிப்போகும். சாக்பீஸால் வட்டமிடுங்கள். சந்தேகமான இடத்தில் 3 மி.மீ. பிட்டால் துளை போட்டு வெளிவரும் தூளைப் பாருங்கள். வெளுத்த, உலர்ந்த தூள் என்றால் பலகை நன்றாக இருக்கிறது. கறுத்து ஈரமாக வந்தால் வெட்ட வேண்டியதுதான். வட்டத்தை விட அரை அடி தள்ளியே கோடு போடுங்கள். அழுகல் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் தூரம் போயிருக்கும்.

வெட்டி எடுப்பது

பெட்ரோல் டேங்க், பேட்டரி இரண்டையும் முதலில் இறக்கிவிடுங்கள். டெக்குக்குக் கீழே ஒயர், டியூப் போகிறதா என்று பாருங்கள். ரம்பத்தின் ஆழத்தை டெக்கின் கனத்துக்கு மட்டும் வையுங்கள், அதிகமானால் படகின் உடலையே கிழித்துவிடும். பக்கச் சுவரை ஒட்டி 2 அங்குலம் பழைய ஃபைபரை விட்டு வெட்டுங்கள். பழைய பலகையை முடிந்தவரை உடைக்காமல் எடுங்கள், புதுப் பலகைக்கு அதுதான் அளவு. உடைந்துவிட்டால் அட்டைப்பெட்டியை வெட்டி அச்சு எடுக்கலாம்.

அடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்களைக் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். மேல் பகுதி மட்டும் மெத்தென்று இருந்தால் அதைச் சுரண்டிவிட்டுப் பக்கத்தில் புதுச் சட்டம் சேர்த்து ஃபைபரால் கட்டிவிடலாம். சட்டத்தின் அடியில் தண்ணீர் ஓடும் துளை அடைபட்டிருந்தால் இப்போதே திறந்துவிடுங்கள். மிதப்புக்கு தெர்மாகோல் வைத்திருந்தால் பாலித்தீன் போட்டு மூடுங்கள். பாலியஸ்டர் ரெசின் ஒரு சொட்டு விழுந்தாலும் தெர்மாகோல் கரைந்துவிடும்.

அப்புறம் காய விடுங்கள். தார்ப்பாயைக் காற்றுப் புகும்படி உயரத்தில் கட்டுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, மரத்தின் மேல் ஒரு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் நீர் பூத்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் போட்ட ஃபைபர் உரிந்து வரும்.

ரெசின் கலப்பது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ரெசினை இறுக வைப்பது ஹார்டனர், அதை வேகப்படுத்துவது கோபால்ட் என்கிற திரவம். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கடையில் கேளுங்கள். கலக்காதது என்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் போட்டு முழுக்கக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர் ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராக ஒன்றோடொன்று சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே அளவுக் கோப்பையும் கூடாது. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதனால் கண்ணாடி, கையுறை, ரசாயன ஆவிக்கான முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

நம் வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி ஹார்டனர் சரியாக இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். வாளியில் மொத்தமாக நின்றால் சூடேறி அப்படியே இறுகிவிடும். காலை பனி உலர்ந்த பிறகு தொடங்கி வெயில் உச்சிக்கு முன் முடியுங்கள்.

பலகையைப் பொருத்துவது

பலகையை வெட்டி, இடத்தில் வைத்து அளவு பார்த்து, திரும்ப எடுத்துவிடுங்கள். சுவருக்கும் பலகைக்கும் இடையில் 5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். கொஞ்சம் ஸ்டைரீன் விட்டு இளக்கிய ரெசினை இரு பக்கமும் பூசுங்கள். விளிம்புகளுக்கு இரண்டு, மூன்று தடவை, இனி உறிஞ்சாது என்கிற வரை பூசுங்கள். அடிப்பக்கத்துக்கு 300 ஜி.எஸ்.எம். மேட் ஒரு அடுக்கு. யாரும் பார்க்காத பக்கம்தானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டெக்குக்குக் கீழே எப்போதும் புழுக்கம் இருக்கும், ஈரம் அங்கிருந்தும் ஏறும்.

சட்டங்களின் மேல் ரெசின் பட்டியை (தூள் கலந்து கெட்டியாக்கிய ரெசின்) தடவி, பலகையை வைத்து அழுத்தி, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் இறுக்குங்கள். இரண்டு பலகை சேரும் இடம் சட்டத்தின் மேல்தான் வர வேண்டும். ஓர இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, மூலையை விரலால் வளைவாக இழுத்துவிடுங்கள். செங்குத்து மூலையில் மேட் படியாமல் காற்று அடைத்துக்கொள்ளும்.

பழைய ஃபைபரை அசிட்டோனால் துடைத்து, 3 அங்குல அகலத்துக்கு 40-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். முதலில் ஓரங்களுக்குப் பட்டையான மேட், பிறகு முழு டெக்குக்கும் இரண்டு அடுக்கு. முதலில் ரெசின், மேல் மேட், பிறகு ரோலர் என்று போங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது, உருட்டி வெளியேற்றுங்கள். ஒரு நாளைக்கு மேல் இடைவெளி விட்டால் மறுபடி தேய்த்த பிறகே அடுத்த அடுக்கு.

இறுகியதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கும் பள்ளத்தைக் குறித்து, நன்றாகக் காயவிட்டு, பட்டியால் மேடாக்குங்கள். கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த டாப்கோட் போட வேண்டும், இல்லையென்றால் மேல்பரப்பு பிசுபிசுத்தே கிடக்கும். அது ஈரமாக இருக்கும்போதே கழுவி உலர்த்திய மணலைத் தூவினால் கால் வழுக்காது.

பொருட்களைத் திரும்பப் பூட்டும்போது அவசரம் வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தேவையைவிடப் பெரிய துளை போட்டு, பட்டியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் திரும்பத் துளையுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது. சீலன்ட் தடவி, அடியில் அகல வாஷர் வைத்து முடுக்கிவிடுங்கள்.