லிங்கன் எழுதிய கடிதமா? நம்புவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘மகனின் ஆசிரியருக்கு ஆபிரகாம் லிங்கன் எழுதிய கடிதம்’ என்றால் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பலருக்கும் தெரியும். ஆசிரியர் தின விழாவில் வாசிப்பார்கள். தலைமை ஆசிரியர் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். செப்டம்பர் 5 வந்தால் வாட்ஸ்அப்பில் வந்து விழும். ஒரு பள்ளி விழாவில் நானே மைக் பிடித்து அதை வாசித்திருக்கிறேன். முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை லிங்கன் எழுதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று பின்னால் தெரிந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அம்மாவின் முகம்தான்.

லிங்கன் கையால் எழுதிய அப்படியொரு தாளை இதுவரை யாரும் காட்டியதில்லை. 1953இல் வெளிவரத் தொடங்கிய லிங்கன் எழுத்துகளின் பெருந்தொகுப்பில், எட்டுத் தொகுதிகளிலும், அது கிடையாது. அவருடைய மகன் ராபர்ட் பாதுகாத்து, தான் இறந்து 21 ஆண்டுகள் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திடம் ஒப்படைத்த காகிதங்கள் 1947 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டன. அவற்றிலிருந்தும் அது வரவில்லை.

அதற்குப் பிறகு லிங்கன் உண்மையிலேயே எழுதிய கடிதங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவற்றில் ஒன்றை வைத்தே இந்தத் தவறுகளைப் பேசலாம். நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கடிதம் அது. தேதி 1864 பிப்ரவரி 29. வரலாற்றாசிரியர் ஜார்ஜ் பான்கிராஃப்டுக்கு எழுதியது. விஷயம் ஒரே ஒரு வாக்கியம்: நீங்கள் கேட்டிருந்த கையெழுத்துப் பிரதி இத்துடன் இருக்கிறது, அவ்வளவுதான்.

சின்னக் காகிதம் என்று தள்ளிவிடுவது

இத்துடன் வந்த பிரதி எது தெரியுமா? கெட்டிஸ்பர்க் உரை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் லிங்கன் ஆற்றிய புகழ்பெற்ற சிறிய உரை. கார்னெலுக்குப் போகிறவர்கள் அந்த உரையைத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஒற்றை வரிக் கடிதத்தையும் உறையையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்த இரண்டும்தான் முதலில் படிக்க வேண்டியவை.

ஏனென்றால், கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் பேசியது 1863 நவம்பர் 19 அன்று. கார்னெலில் இருப்பது அன்று அவர் கையில் இருந்த தாள் என்று நினைத்துக்கொள்வது சுலபம், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கூடவே இருக்கும் கடிதத்தின் தேதி, பேச்சு நடந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆன பிறகு, ஒருவர் கேட்டதற்காக எழுதிக் கொடுத்த பிரதி இது என்று சொல்லிவிடுகிறது. லிங்கன் கையால் எழுதிய ஐந்து பிரதிகள் இன்று இருக்கின்றன. முதல் இரண்டில் ‘கடவுளின் கீழ்’ என்ற சொற்கள் இல்லை. பிறகு எழுதிய மூன்றில் இருக்கின்றன. எந்தப் பிரதி எப்போது எழுதப்பட்டது என்று தெரியாமல் ‘லிங்கன் அன்று இப்படித்தான் சொன்னார்’ என்று வாதாடினால் தவறான இடத்தில் போய் நிற்போம்.

உறை விஷயமும் அப்படித்தான். பான்கிராஃப்டுக்குப் போன உறையில் முகவரி லிங்கன் கையெழுத்தில் இருக்கிறது. அஞ்சல்தலைக்குப் பதிலாக அவர் ஒப்பம் இருக்கிறது. உறையைத் தூக்கி எறிந்திருந்தால் இந்தச் சான்று போயிருக்கும். இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. கெட்டிஸ்பர்க் போருக்குப் பிறகு, எதிரிப் படையைத் தப்பவிட்டுவிட்டீர்களே என்று தளபதி மீடுக்கு 1863 ஜூலை 14 அன்று லிங்கன் ஒரு கடுமையான கடிதம் எழுதினார். உள்ளே இருக்கும் தாளை மட்டும் படித்தால் தளபதியைக் கிழித்துவிட்டார் என்றுதான் தோன்றும். உறையின் மேல் லிங்கனே குறித்து வைத்திருக்கிறார்: இது அனுப்பப்படவில்லை, கையெழுத்தும் போடப்படவில்லை என்று. எழுதிய கடிதம் எல்லாம் அனுப்பிய கடிதம் ஆகிவிடாது.

பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவது

பான்கிராஃப்ட் அந்தப் பிரதியைக் கேட்டதே, போரில் காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட பால்டிமோரில் நடக்கவிருந்த கண்காட்சியில் விற்கும் புத்தகத்துக்காக. எழுத்தாளர்களின் கையெழுத்தை அப்படியே கல்லச்சில் எடுத்துப் போடும் புத்தகம் அது. லிங்கன் தாளின் இரண்டு பக்கமும் எழுதிவிட்டார். அப்படி எழுதியதைக் கல்லச்சுக்குப் பயன்படுத்த முடியவில்லை. அதனால் அவர் இன்னொரு முறை உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பிரதிதான் இப்போது வெள்ளை மாளிகையில் இருக்கிறது. பயன்படாமல் போன பிரதியை பான்கிராஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டார். அது பல வருடங்கள் குடும்பத்தில் இருந்து, பிறகு வியாபாரிகளிடம் கைமாறி, நோயஸ் தம்பதி வாங்கி 1949இல் கார்னெலுக்குக் கொடுத்தார்கள். தாளின் பின்பக்கம் எழுதப்பட்ட ஒரே காரணத்தால் அது இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது!

வக்கீல்களின் காகிதம் என்றால் பின்பக்கம் இன்னும் முக்கியம். அந்தக் காலத்தில் காகிதத்தை நீளவாக்கில் மடித்து, வெளியே தெரியும் இடத்தில் யார் வழக்கு, எந்தத் தேதி, என்ன விஷயம் என்று எழுதிக் கட்டாகக் கட்டி வைப்பார்கள். முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் பாதிக் கதை அங்கேயே நின்றுவிடும்.

அச்சுப் பிரதியை அசல் என்று நினைப்பது

இது பணம் போகும் தவறு. பாஸ்டனைச் சேர்ந்த லிடியா பிக்ஸ்பி என்ற தாய்க்கு, போரில் ஐந்து மகன்களை இழந்ததற்கு ஆறுதல் சொல்லி 1864 நவம்பர் 21 என்று தேதியிட்ட கடிதம் ஒன்று உண்டு. அசல் இன்றுவரை கிடைக்கவில்லை. 1890களில் நியூயார்க்கில் அதன் கல்லச்சுப் பிரதிகளை அச்சடித்து விற்றார்கள். அன்றைக்கு வீட்டுச் சுவரில் மாட்டிய அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு ‘எங்கள் பரணில் அசல் கிடைத்தது’ என்று வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பேனா தாளில் அழுந்திய தடம், மை ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பது, இதெல்லாம் அச்சில் வராது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

அதே கடிதத்தில் இன்னொரு தவறும் காத்திருக்கிறது. கடிதத்தில் இருப்பதால் அது நடந்தது என்று எடுத்துக்கொள்வது. அந்தத் தாய்க்கு ஐந்து மகன்கள் இருந்தது உண்மை, ஆனால் போரில் இறந்தது உறுதியாகத் தெரிவது இருவர்தான். போர்த்துறை கொடுத்த தகவல் தவறாக இருந்தது, கடிதமும் அதையே சொன்னது. கடிதத்தை எழுதியதே லிங்கனா, அவருடைய செயலாளர் ஜான் ஹேயா என்றும் வாதம் ஓயவில்லை. மொழிநடையைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் ஹே பக்கம்தான் சாய்ந்தார்கள்.

கையெழுத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது

லிங்கன் 1836இல் வக்கீல் உரிமம் வாங்கி, ஜனாதிபதியாகும் வரை சுமார் 25 வருடம் தொழில் பார்த்தவர். அவர் கையாண்ட வழக்குகள் 5,000க்கும் மேல். ஸ்டூவர்ட், லோகன், ஹெர்ன்டன் என்று அடுத்தடுத்து மூன்று கூட்டாளிகள். ‘லிங்கன் அண்ட் ஹெர்ன்டன்’ என்று ஒரு மனுவில் இருந்தால் அந்தப் பெயரை எழுதிய கை லிங்கனுடையதாகவும் இருக்கலாம், ஹெர்ன்டனுடையதாகவும் இருக்கலாம். அலுவலகத்தின் பெயர் அது. ஆகவே ஒப்பத்தை விட்டுவிட்டு மனுவின் உடலில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். கடிதங்களில் அவர் போடுவது ‘ஏ. லிங்கன்’. முழுப் பெயர் பெரும்பாலும் அரசு ஆவணங்களுக்குத்தான்.

கையெழுத்து அச்சு அசலாக இருந்தாலும் உள்ளே இருக்கும் விஷயம் காட்டிக்கொடுக்கும். 1928 கடைசியில் அட்லாண்டிக் மன்த்லி பத்திரிகை, லிங்கனின் இளமைக் காதல் கடிதங்கள் என்று சில காகிதங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒரு கடிதத்தில் நிலத்தைப் பற்றி ‘பிரிவு 40’ என்று இருந்தது. அமெரிக்க நில அளவையில் டவுன்ஷிப் என்ற ஒரு பெரிய சதுர நிலத்துக்கு 36 பிரிவுகள்தான். வக்கீல் ஆவதற்கு முன் நில அளவையராக வேலை பார்த்த லிங்கனுக்கு இது தெரியாதா? கடிதங்கள் போலி என்பது சீக்கிரமே அம்பலமானது. பழைய கடிதத்தில் வரும் தொழில் சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

முடிப்புச் சொற்களில் ஏமாறுவதும் உண்டு. ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று ஒரு வக்கீல் இன்னொருவருக்கு எழுதியிருந்தால் பணிந்துபோனார் என்று அர்த்தமில்லை. நம் பழைய மனுக்களில் எழுதுவதைப் போல, அது அன்றைய வழக்கம்.

வீட்டில் இருக்கும் காகிதத்தைக் கெடுப்பது

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்து வக்கீல் கடிதம் இருக்கலாம். அதற்கு லேமினேஷன் போடாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது இரும்பு உப்பும் மரக் காய்களின் துவர்ப்பும் சேர்ந்த மை. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் கறுப்பு எடுப்பார்களே, அதே சேர்க்கைதான். அது வருடக்கணக்கில் பழுப்பாகி, சில சமயம் தாளையே அரித்துவிடும். ஈரம் பட்டால் இன்னும் மோசம். மடிப்பு விறைத்திருந்தால் வலுக்கட்டாயமாக விரிக்க வேண்டாம். கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு தொட்டால் போதும். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாமல் ஓரம் கிழியும். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். கடிதத்தோடு இருக்கும் உறையை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள்.

எடுத்தாளும்போது எந்தக் காப்பகம், எந்தத் தொகுப்பு, எத்தனையாவது பெட்டி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘லிங்கன் சொன்னார்’ என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் போய்ச் சரிபார்க்க வழியில்லை. ஆசிரியருக்கான அந்தக் கடிதம் இத்தனை வருடம் சுற்றி வந்ததற்குக் காரணமே, யாரும் பெட்டி எண் கேட்கவில்லை என்பதுதான்.

போன வருடம் அதே பள்ளியிலிருந்து கேட்டார்கள், லிங்கன் கடிதத்தை மறுபடி வாசிக்க முடியுமா என்று. வாசித்தேன். ஆனால் 1850 ஜூன் 27 அன்று ரிச்சர்ட் தாமஸ் என்ற இன்னொரு வக்கீலுக்கு லிங்கன் எழுதியதை. பதில் போடத் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டு, இரண்டு காரணங்களை வரிசையாகச் சொல்கிறார். ஒன்று, நீதிமன்ற வேலை தலைக்கு மேல் இருந்தது. இரண்டு, உங்கள் கடிதம் வந்ததும் என் பழைய தொப்பிக்குள் வைத்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கிவிட்டேன், பழையதை ஒதுக்கி வைத்ததில் கடிதம் கண்ணில் படாமல் போய்விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் எழுந்து, “அந்தக் கடிதம் இப்போ எங்க சார் இருக்கு?” என்று கேட்டான்.