மாட்டுக்கு இன்சூரன்ஸா, மருந்துக் காசு உண்டியலா?

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பால் கூட்டுறவு சங்கத்தில் 19 வருஷம் செயலாளராக இருந்தேன். காலையில் பால் அளக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, பில் எப்போது வரும் என்பது. அடுத்தபடியாக அதிகம் கேட்டது இதைத்தான்: "அண்ணே, மாட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டவா, இல்ல அந்தக் காச வைத்தியச் செலவுக்கு எடுத்து வச்சுக்கவா?"

ரொம்ப நாள் நானும் யோசிக்காமல் "கட்டிடுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டு மாடு கன்று போட்ட அன்றைக்குத்தான் எனக்கே விவரம் புரிந்தது. ஜெர்சி கலப்பு, மூன்றாவது ஈத்து. சாயங்காலம் கன்று போட்டது. ராத்திரி 11 மணிக்குப் போய்ப் பார்த்தால் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துக் கிடக்கிறது, காதைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சூடே இருக்காது. கன்று போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போவதால் வருவது. தனியார் டாக்டரைக் கூப்பிட்டு நரம்பில் கால்சியம் ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் மாடு எழுந்து நின்றுவிட்டது. செலவு 1,800 ரூபாய். மறுநாள் என் மகன் கேட்டான், "நம்மதான் இன்சூரன்ஸ் போட்டிருக்கோமே, பில்லை அனுப்பலாமா?" பாலிசியை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தேன். மாடு செத்திருந்தால் 55,000 கிடைத்திருக்கும். பிழைத்துவிட்டதால் ஒரு பைசா கிடையாது.

ஆகவே முதலில் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் மாட்டுக்குப் போடுகிற இன்சூரன்ஸ், மாட்டின் உயிருக்கு. நோய், விபத்து, இடி, பாம்புக்கடி, வெள்ளம், புயல் என்று எதில் செத்தாலும் காப்பீட்டுத் தொகை வரும். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால், சாகாமலே நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலும், அதாவது பால் சுரப்போ சினை பிடிப்போ ஒரேயடியாக நின்றுவிட்டாலும், பொதுவாகத் தொகையில் 75 சதவீதம் தருவார்கள். மருந்து, ஊசி, டாக்டர் வந்து போகிற செலவு எதுவும் அதில் சேராது. அந்தச் செலவு எப்படியும் உங்கள் கையிலிருந்துதான்.

இனி கணக்குக்கு வருவோம். மாடு 60,000 ரூபாய் பெறும், பிரீமியம் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 2,400. இதையே உண்டியலில் போட்டால் ஒரு மாட்டின் விலை சேர 25 வருஷம் ஆகும். இதைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 25 மாடு வைத்திருக்கிறவர் கட்டும் பிரீமியம் வருஷத்துக்கு ஒரு மாட்டு விலை. அவர் கொட்டகையில் வருஷத்துக்கு ஒரு மாடுகூடச் சாகவில்லை என்றால் இன்சூரன்ஸ் அவருக்கு நஷ்டம். தானே சேர்த்துவைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். இரண்டு மாட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. முதல் வருஷமே ஒன்று செத்தால் உண்டியலில் 4,800 ரூபாய் இருக்கும், வீட்டு வருமானத்தில் பாதி போயிருக்கும். மாடு குறைவாக இருக்க இருக்க இன்சூரன்ஸ் அதிகம் தேவை. ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. பண்ணைக்காரர் எல்லா மாட்டுக்கும் கட்டுவார், ஒற்றை மாட்டுக்காரி "நமக்கெதுக்குண்ணே" என்பார்.

மானியத்தில் கிடைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம். தேசிய கால்நடை இயக்கத்தின் விதிகளை 2024-இல் மாற்றியபோது, விவசாயி கட்டவேண்டிய பங்கை பிரீமியத்தில் 15 சதவீதமாகக் குறைத்தார்கள். மீதியை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பிரித்துக்கொள்கின்றன. நம் 2,400-இல் 15 சதவீதம் என்றால் 360 ரூபாய். ஒரு மூட்டை தீவனத்தின் விலைகூட இல்லை. ஆனால் இது வருஷா வருஷம் ஒதுக்கீட்டைப் பொறுத்து வருவது, எல்லோருக்கும் எட்டாது. உங்கள் கால்நடை மருந்தகத்தில் ஏப்ரல், மே மாதமே பெயர் கொடுத்துவையுங்கள். ஐப்பசியில் மழை பிடித்த பிறகு போய் நின்றால், அந்த வருஷத்து எண்ணிக்கை முடிந்திருக்கும்.

வங்கிக் கடனில் வாங்கிய மாடு என்றால் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் வேலையே உங்களுக்கு இல்லை. கடனோடு இன்சூரன்ஸும் சேர்ந்தே வரும். மாடு செத்தால் தொகை முதலில் கடனுக்குப் போகும், மிச்சம்தான் உங்களுக்கு. கடன் முடிந்த பிறகு பாலிசியைப் புதுப்பிக்க யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். அந்த இடைவெளியில் மாட்டை இழந்த இரண்டு பேரை எனக்கே தெரியும்.

எந்த மாட்டுக்குக் கட்டவேண்டாம்? வயதான மாட்டுக்கு. பொதுவாகக் கறவைப் பசுவை 2 வயதிலிருந்து 10 வயதுவரைதான் எடுப்பார்கள். எட்டு, ஒன்பது வயதில் சந்தை விலையே இறங்கிவிடும். இன்சூரன்ஸ் தொகையும் அந்த விலைக்குமேல் போகாது. அடுத்து நம் உம்பளாச்சேரி. பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறுமே, அந்த இனம். சேற்றிலும் வெயிலிலும் நின்று பழகிய உடம்பு. பால் கம்மி, நோயும் கம்மி. எங்கள் அப்பா காலத்து உம்பளாச்சேரிக்கு யாரும் கால்சியம் ஏற்றி நான் பார்த்ததில்லை. அந்த மாட்டுக்கு உண்டியல் போதும் என்பது என் எண்ணம். ஆனால் நல்ல விலை போகிற உழவுக் காளை ஜோடி என்றால் நான் கட்டிவிடுவேன்.

என் மைத்துனர் திருக்கடையூர் பக்கம் ஒரு குதிரை வைத்திருக்கிறார். காணும் பொங்கல் ரேக்ளாவுக்கு என்று வாங்கினார், இப்போது கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார். அவருக்கும் இதே கேள்விதான், விடை மட்டும் கொஞ்சம் வேறு. குதிரைக்கும் உயிருக்குத்தான் பாலிசி. ஆனால் மாட்டைப்போலத் தினம் காசு தராது. முகூர்த்தம் இருந்தால் உண்டு, ஆடியிலும் மார்கழியிலும் வெறும் கொள்ளுச் செலவுதான். குதிரைக்கு வயிற்று வலி வந்தால் மாடு மாதிரி ஒரு நாள் பொறுக்காது, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். குதிரை பார்த்துப் பழகிய டாக்டரும் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். அதனால் அவரிடம் வைகாசி, ஆவணி வாடகையில் முதல் 20,000-ஐ ஒதுக்கிவிட்டு அப்புறம் செலவு செய்யச் சொன்னேன். செய்தாரா என்று கேட்காதீர்கள்.

உண்டியல் விஷயத்தில் நான் கண்ட ஒரே வழி, பால் பில்லிலேயே பிடித்துவிடுவது. லிட்டருக்கு 2 ரூபாய். சராசரி 8 லிட்டர் கறக்கிற மாடு 300 நாளில் 2,400 லிட்டர் தரும். 4,800 ரூபாய் சேரும். மாடு கறவையில் இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். கன்று போடுகிற நேரத்தில்தான் பால் காய்ச்சல், கன்று திரும்பிக்கொள்வது, நஞ்சுக்கொடி விழாமல் நிற்பது எல்லாம் வரும். அதற்கு முந்தின இரண்டு மாதமும் பால் வற்றி வருமானம் இருக்காது. சீட்டில் போடாதீர்கள். ராத்திரி 11 மணிக்குச் சீட்டு எடுக்க முடியாது. நான் மருமகள் பெயரில் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன், வீட்டில் ஒரு டப்பாவில் 3,000 ரொக்கம். ஒரு மாட்டுக்கு மொத்தம் 10,000 சேரும்வரை பிடியுங்கள், சேர்ந்ததும் நிறுத்திவிடலாம். எடுத்தால் மறுபடி நிரப்ப வேண்டும்.

10,000 எதற்கு? அரசு மருந்தகத்தில் வைத்தியத்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் மருத்துவ வண்டி வீடு தேடி வரும். செலவு வருவது அகால நேரத்தில் தனியார் டாக்டரைக் கூப்பிடும்போதும், வெளியே மருந்து வாங்கும்போதும்தான். பெரிய கோளாறு என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குட்டியானையில் ஏற்றவேண்டும்; போக வர வாடகையே எனக்கு 3,000 ஆனது. சிலதை வீட்டிலேயே பார்க்கலாம். மடி நோய் ஆரம்பத்தில் தெரிந்துவிட்டால் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசுவது நம் தஞ்சாவூர்ப் பக்கம் கால்நடை பல்கலைக்கழகத்தார் சொல்லிக்கொடுத்த முறை. எனக்கு இரண்டு தடவை கேட்டிருக்கிறது. பாலில் ரத்தமோ திரியோ தெரிந்தால், மாடு தீனி எடுக்காவிட்டால், டாக்டருக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு செலவு நாமே வரவழைத்துக்கொள்வது. ரேஷன் அரிசியை வடித்துக் கொட்டுவது, மாட்டுப் பொங்கலன்று பொங்கலை வயிறு முட்ட ஊட்டுவது. பெருவயிற்றில் புளித்து அமிலமாகி மாடு சாய்ந்துவிடும். தை 3-ஆம் தேதி காலையில் சங்கத்துக்குப் பால் குறைவாக வரும், ஏன் என்று நான் கேட்பதே இல்லை. ஒரு கைப்பிடி ஊட்டிவிட்டு நெற்றியில் பொட்டு வையுங்கள், போதும்.

இன்சூரன்ஸ் கட்டினவர்கள் பணம் வாங்காமல் போவது பெரும்பாலும் காது வில்லையால்தான். மஞ்சள் நிற வில்லை, 12 இலக்க எண். அந்த எண்தான் பாலிசியில் மாட்டின் பெயர். எங்கள் சங்கத்து அம்மா ஒருவரின் மாடு சீமைக்கருவை வேலியில் காதை மாட்டி இழுத்து வில்லை அறுந்துவிட்டது. "அப்புறம் போட்டுக்கலாம்" என்று இருந்தார். இரண்டு மாதம் கழித்து வயல் வரப்பில் மேய்ந்த மாட்டைப் பாம்பு கடித்துவிட்டது. எல்லாக் காகிதமும் இருந்தது, காதில் வில்லை இல்லை. கம்பெனி கையை விரித்துவிட்டது. நான் மூன்று கடிதம் எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை. வில்லை விழுந்தால் அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், மருந்தகத்தில் புது வில்லை போட்டு, அந்தப் புது எண்ணை பாலிசியில் ஏற்றச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். வில்லை தெரிய மாட்டோடு நீங்களும் நின்று ஒரு போட்டோ எடுத்து மகன், மகள் போனுக்கும் அனுப்பிவையுங்கள்.

கோமாரி தடுப்பூசி இலவசம், முகாமில் போடுகிறார்கள். போட்டதைப் பதியச் சொல்லுங்கள். தடுப்பூசி இருக்கிற நோயில், போடாமல் விட்டு மாடு செத்தால் பணம் மறுக்கப்படலாம். பாலிசி போட்ட முதல் சில நாள், பெரும்பாலும் 15 நாள், நோயில் செத்தால் கொடுக்க மாட்டார்கள். எத்தனை நாள் என்று உங்கள் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். திருட்டுப் போனால் பொதுவாக இல்லை.

மாடு செத்துவிட்டால் அழுகையோடு அழுகையாக முதலில் கம்பெனி எண்ணுக்குப் போன், அடுத்து டாக்டருக்கு. பிரேதப் பரிசோதனை முடியும்வரை குழி தோண்டலாம், புதைக்கக் கூடாது. நம் வெயிலில் உடம்பு சீக்கிரம் உப்பிவிடும், அதனால் விடிந்ததும் நீங்களே மருந்தகத்துக்கு நேரில் போய் நில்லுங்கள். வில்லையை நீங்கள் அறுக்காதீர்கள், டாக்டர் எடுத்துத் தருவார், அது விண்ணப்பத்தோடு போகவேண்டும்.

புயல் வந்தால் அரசு கொடுக்குமே என்பார்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியபோது கொட்டகை இடிந்து செத்த மாடுகளை நான் பார்த்தவன். அப்போது பசுவுக்கு 30,000 நிவாரணம். 2023 டிசம்பரில் அதை 37,500 ஆக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது இயற்கைச் சீற்றத்தில் செத்தால் மட்டும். பால் காய்ச்சலுக்கும் பாம்புக்கும் யூரியா கரைத்த தண்ணீரைக் குடித்ததற்கும் யாரும் நிவாரணம் அறிவிப்பதில்லை.

இப்போது என் கட்டுத்தறியில் மூன்று உருப்படி. இரண்டாவது ஈத்துக் கலப்புப் பசுவுக்கு 65,000-க்கு இன்சூரன்ஸ், நிரந்தர ஊனமும் சேர்த்து. ஒன்பது வயதான கிழவிக்கு இந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டேன், அவளுக்கு உண்டியல்தான். கிடாரிக்கு இன்னும் வில்லை போடவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டும்.