இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு, ரெண்டுங்கெட்டானுக்கு?

கை கால் குச்சி மாதிரி இருக்கும். கன்னத்தில் சதை இருக்காது. சட்டையை இன் பண்ணினால் மட்டும் நடுவில் ஒரு சின்னப் பானை தெரியும். நம் ஊரில் இப்படித் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்போம். என் உயரம் 168 செ.மீ., அப்போதைய எடை 63 கிலோ. எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ, எனக்கு 22.3. ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். தொப்பையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம், ஐந்து கிலோ குறைத்தால் பானை காணாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். நாலு மாதம் ராத்திரிச் சாப்பாடு கிடையாது, தினமும் ஒன்றரை மணி நேரம் நடை. 58 வந்தது. அன்றைக்கு இஞ்ச் டேப் வைத்து அளந்தால் 36 அங்குலமாக இருந்த வயிற்றுச் சுற்றளவு 35 ஆகியிருந்தது, அவ்வளவுதான். அதே வாரம் கடையிலிருந்து அரிசிச் சிப்பம் வந்தது (2022இல் 25 கிலோ வரையிலான பைக்கு ஜிஎஸ்டி போட்டதும் 26 கிலோவாக மாறிய அதே சிப்பம்). வழக்கமாக ஒரே மூச்சில் மாடிக்கு ஏற்றிவிடுவேன். அன்று பாதிப் படியில் இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். போன ஐந்து கிலோவில் எது போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கிலோவை இலக்காக வைப்பது

உடம்பு பருமனாக இல்லாதவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் முளைக்கின்றன. குண்டானவர் எடை குறைத்தால் போவதில் பெரும்பங்கு கொழுப்பு. கொழுப்புக் கையிருப்பு குறைவாக உள்ளவர் பட்டினி கிடந்தால், போகிற எடையில் தசையின் பங்கு கூடிவிடும். எடை மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். தசை போனாலும் முள் இறங்கும், நாமும் சந்தோஷப்படுவோம்.

2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் அதில் இருக்கும். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. என்னுடையதும் அதுவேதான்! உடல் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ‘ஒல்லியான குண்டு இந்தியர்’ என்று மருத்துவ உலகம் பேசுவதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது. நம் உடம்பு, குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும் ரகம். இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தொட்டாலே அதிக எடை என்று இங்குள்ள மருத்துவர்கள் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஆகவே பார்க்க வேண்டியது வயிற்றுச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பது நமக்கான அளவு. இதை அளப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. “என் பேண்ட் சைஸ் 32தானே” என்பார்கள். பேண்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. பார்க்க யாரும் இல்லை. சுற்றளவு கோட்டைத் தாண்டியிருந்தால், ‘நான் ஒல்லிதானே’ என்று இருக்காமல் வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் பாதியை வெட்டுவது

பிஎம்ஐ என்ற பெயரை 1972இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ். அவரே அதற்கு முன்னால் 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வேறொரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள். ஆரோக்கியமானவர்கள், பருமன் இல்லாதவர்கள். தினம் 3,200 கலோரி அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 24 வாரம் அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. எடை கால்வாசி குறைந்தது. பலம் போயிற்று, எந்நேரமும் குளிர்ந்தது, எரிச்சல் வந்தது. சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்து உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். திரும்பச் சாப்பிடத் தொடங்கியபோது தசையைவிடக் கொழுப்புதான் முந்திக்கொண்டு வந்தது.

அவர்கள் பெரிய உருவம், வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. அதனால் நம்மோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா வீடியோ பார்த்துக்கொண்டு படுத்திருந்த என்னை அந்தச் சமையல் புத்தகக்காரர்களிடம் அடையாளம் கண்டுகொண்டேன். ஏற்கெனவே அளவான எடையில் இருப்பவர் 1,200 கலோரி சார்ட்டை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிக்கொள்வது வீண் வேலை. எதையாவது குறைக்கத்தான் வேண்டுமென்றால் நாளுக்கு இருநூறு, முந்நூறு கலோரி போதும். சாயங்கால டீயில் சர்க்கரை, கூட வரும் பஜ்ஜி, ராத்திரி நாலாவது தோசை, இவற்றிலேயே அது வந்துவிடும்.

அரிசியை அடியோடு நிறுத்தினால் முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கும், உண்மைதான். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீர்தான் போனது. கல்யாண வீட்டில் ஒரு பந்தி உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடும். தினமும் காலையில் மெஷினில் ஏறி இறங்குவதும் இந்தத் தண்ணீரைப் பார்த்துச் சிரிப்பதும் அழுவதும்தான்.

நடை மட்டும் போதும் என்று இருப்பது

நடை நல்லது, விட வேண்டாம். ஆனால் பத்தாயிரம் அடி நடந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. அந்த எண் வந்த கதையே வேடிக்கை. 1965இல் ஜப்பானில் ஒரு நடைக்கருவியை ‘மான்போ-கெய்’ என்ற பெயரில் விற்றார்கள். பத்தாயிரம் காலடி எண்ணும் கருவி என்று அர்த்தம். விற்பனைக்கு வைத்த பெயர் வேதவாக்காகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை. இந்த இரண்டாவது பாதியை நாம் யாரும் காதில் வாங்குவதில்லை.

ரெண்டுங்கெட்டான் உடம்புக்குத் தேவை அதுதான். ஜிம் கட்டாயமில்லை, தாத்தா காலத்துத் தண்டாலும் பஸ்கியும் (உட்கார்ந்து எழுவது) போதும். தரையில் தண்டால் வரவில்லையா, சுவரில் கை ஊன்றி எடுங்கள். அப்புறம் கட்டில் விளிம்பு, அப்புறம் தரை. எனக்குச் சுவரிலிருந்து தரைக்கு வர ஏழு வாரம் ஆனது. முதல் நாள் தரையில் மூன்று எடுத்தேன், மூன்றாவதில் தாடை தரையில் இடித்தது. எண்ணிக்கையோ பாரமோ கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். ஒரே பதினைந்தை வருஷம் முழுக்க எடுத்துக்கொண்டிருந்தால் உடம்பு பழகிப்போய்ச் சும்மா இருந்துவிடும். வாரம் மூன்று நாள், தடவைக்கு அரை மணி நேரம்.

வயிற்றைக் குறைக்க வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தசை அங்கே வளரும், கொழுப்பு எங்கிருந்து கரைய வேண்டும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும்.

எள்ளா, கொள்ளா?

பழமொழியில் ரெண்டுங்கெட்டானுக்கு இடமில்லை. என் ஓட்டு கொள்ளுக்கு. அது கொழுப்பைக் கரைக்கும் என்பதற்காக அல்ல. நூறு கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருப்பதற்காக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பளு தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு அதற்கும் மேலே, கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன்படும். காலையில் நாலு இட்லி சாப்பிட்டால் ஏழெட்டு கிராம் தேறும். கூட இரண்டு முட்டை வைத்தால் பன்னிரண்டு கிராம் ஏறும். முட்டை ஆகாதென்றால் சுண்டல், தயிர், வேர்க்கடலை. டப்பாப் பவுடர் வாங்குவதற்கு முன் தட்டைப் பார்த்தாலே பாதிப் பேருக்கு வேலை முடியும். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

குறைக்கவே கூடாதவர்களும் உண்டு. பிஎம்ஐ 18.5க்குக் கீழே இருப்பவர்கள், வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள் எடையைக் குறைக்க முயல வேண்டாம். டயட் ஆரம்பித்த பிறகு மாதவிலக்கு தள்ளிப் போனாலோ நின்றாலோ, உடம்பு பற்றாக்குறையில் ஓடுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் பிடிவாதம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். சாப்பிட்டபின் குற்ற உணர்ச்சியும் கண்ணாடியைப் பார்த்தால் வெறுப்பும் வருகிறதென்றால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த முயற்சியும் இல்லாமல் தானாக எடை இறங்கினால் சந்தோஷப்படாமல் உடனே பரிசோதனை.

ஒரு வருஷம் ஆகிறது. இப்போது எடை 62, டேப்பில் 34 அங்குலம், தண்டால் இருபத்திரண்டு. போன மாதம் 26 கிலோ சிப்பத்தை நிற்காமல் மாடிக்கு ஏற்றினேன். நாலு மாதம் பட்டினி கிடந்து 58க்கு வந்தபோது “என்னடா, சுகர் கிகர் வந்துடுச்சா?” என்று கேட்ட சித்தி, பொங்கலுக்கு வந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கொஞ்சம் வெயிட் போட்டுட்டியே, வாக்கிங் போடா” என்றார்.