வெட்டிய சீமைக் கருவேலத்தைக் கரியாக்குவது எப்படி

சீமைக் கருவேலத்தை வெட்டிய இடத்திலேயே கொளுத்திவிட்டால் கைக்கு வந்த காசு சாம்பலாகிவிடும். தரையோடு வெட்டி நிறுத்தாதீர்கள், அடுத்த மழைக்கு நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுங்கள். கனமான நல்ல கரி தூர்க்கட்டையில்தான் கிடைக்கும்.

மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்டதை மூன்றடித் துண்டாக்கி, இரண்டு மூன்று வாரம் காயப்போடுங்கள். பச்சையாக அடுக்கினால் ஈரத்தை விரட்டவே விறகு வீணாக எரியும்.

பருத்த கட்டை நடுவில், மெல்லியது ஓரத்தில், சந்து விடாமல் அடுக்கி, தீ வைக்க நடுவே ஒரு வழி விடுங்கள். மேலே நாலு விரல் கனத்துக்கு வைக்கோல், அதன்மேல் ஈரமண் பூச்சு, அடியில் சுற்றிலும் காற்றுத் துளைகள். வெண்புகை அடர்ந்து வந்தால் ஈரம் போகிறது. புகை மெலிந்து நீலம் தட்டினால் கரி தயார், துளைகளை அடைத்துவிடுங்கள்.

இப்படி மண் பூசிய மூட்டம் எரியும் நாட்களில் இரவிலும் ஆள் இருக்க வேண்டும். மண் வெடித்துக் காற்று புகுந்தால் கரியும் சாம்பலாகும், உடனே பூசுங்கள். காய்ந்த விறகு நாலைந்து கிலோவுக்குக் கரி ஒரு கிலோ தேறும். மூட்டத்தைப் பிரித்ததும் கரியை மூட்டையில் கட்டாதீர்கள். உள்ளே கனல் இருந்தால் மறுபடி பற்றும். ஒரு நாள் பரப்பி வையுங்கள்.

நேரான குச்சி பாகல், புடலைப் பந்தலுக்கு ஆகும்; முள் கிளை வேலிக்கு ஆகும். காயை மட்டும் ஆடுமாடு முழுசாகத் தின்ன விடாதீர்கள், சாணத்தோடு விதை பரவும். அரைத்துக் கொடுங்கள்.