பெராக்ஸிடேஸ் வெச்சு சல்ஃபாக்சைடு பண்றது: பெராக்சைடை மட்டும் ஒரே அடியா ஊத்திடாதீங்க

இந்த ரியாக்‌ஷன்ல (பெராக்ஸிடேஸ்ங்கற என்சைம், ஹைட்ரஜன் பெராக்சைடுல இருந்து ஒரு ஆக்சிஜனை எடுத்து சல்ஃபைடுல இருக்கற கந்தகத்துல ஒட்டி சல்ஃபாக்சைடு ஆக்கறது) நிறைய பேர் கோட்டை விடற இடம் பெராக்சைடு ஊத்தற விதம்தான். நானும் முதல் தடவை என்சைம் தாராளமா போட்டுட்டு மொத்த ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரே மூச்சுல விட்டேன், ப்ரவுனா இருந்த கரைசல் கண்ணு முன்னாடியே வெளுத்துப் போச்சு. என்சைமுக்குள்ள வேலை செய்யற இரும்புப் பகுதியான ஹீம் உடைஞ்சிருச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் ராத்திரி பூரா கலக்கினாலும் ஒண்ணும் நடக்காது.

எந்த என்சைம்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஹார்ஸ்ராடிஷ் பெராக்ஸிடேஸ் சுலபமா கிடைக்குது, ஆனா அதுல ஹீம் கிட்ட சப்ஸ்ட்ரேட் (என்சைம் மாத்த வேண்டிய பொருள்) போக வழி குறுகல், அதனால ஃபீனால்கள்ல இருந்து எலக்ட்ரானை உருவி ரேடிக்கல் ஆக்கத்தான் அது லாயக்கு. ஆக்சிஜன் அணுவையே கொண்டு போய் ஒட்டணும்னா கால்டரியோமைசஸ் ஃபியூமாகோ பூஞ்சையோட க்ளோரோபெராக்ஸிடேஸ். சி-எச் (கார்பன்-ஹைட்ரஜன்) பாண்டுலயே கை வைக்கணும்னா 2004ல அக்ரோசைப் ஏகெரிட்டா காளான்ல கண்டுபிடிச்ச பெராக்ஸிஜனேஸ் வகைக்குப் போகணும், அது தனிக் கதை. ஆரம்பிக்கறவங்களுக்கு தயோஅனிசோலும் (ஒரு சல்ஃபைடு) க்ளோரோபெராக்ஸிடேஸும்தான் நல்ல ஜோடி, பெரும்பாலும் ஆர் சல்ஃபாக்சைடுதான் (கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கற ரெண்டு வடிவத்துல ஒண்ணு) வரும்.

10 மில்லி அளவுக்கு சொல்றேன். பிஎச் 5 சிட்ரேட் பஃபர் 7 மில்லி, டெர்ட்-பியூட்டனால் 3 மில்லி (25 டிகிரிக்கு கீழ உறைஞ்சிடும், லேசா சூடு காட்டி எடுங்க), தயோஅனிசோல் 12.4 மில்லிகிராம், அதாவது 10 மில்லிமோலார். என்சைம் கடைசி அளவு 1 மைக்ரோமோலார், 42 கிலோடால்டன் கணக்குல கிட்டத்தட்ட 0.42 மில்லிகிராம் வரும். பஃபர் பிஎச்சை ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டு சரி பண்ணாதீங்க, இந்த என்சைமோட பேர்லயே க்ளோரோ இருக்கு, க்ளோரைடு கிடைச்சா அதையும் ஆக்ஸிடைஸ் பண்ணி தேவையில்லாத க்ளோரினேஷன்ல கொண்டு விடும். சோடியம் அசைடு போட்டு வெச்ச ஸ்டாக்கும் வேண்டாம், அசைடு ஹீமைப் பிடிச்சுக்கும்.

இப்ப பெராக்சைடு. 30 சதவீத பாட்டில்ல இருந்து 100 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மில்லிக்கு தண்ணி விட்டா ஏறக்குறைய 0.1 மோலார், ஆனா பழைய பாட்டிலை நம்பாதீங்க, நல்லா நீர்க்க வெச்சு 240 நானோமீட்டர்ல ஒரு தடவை அளந்துருங்க (மோலார் குணகம் 43.6). அந்த 0.1 மோலார் கரைசல்ல 1 மில்லியை 3 நிமிஷத்துக்கு 25 மைக்ரோலிட்டர் வீதம் 40 தடவை, மொத்தம் 2 மணி நேரம். ஒவ்வொரு சொட்டுக்கும் கரைசல்ல 0.25 மில்லிமோலார்தான் ஏறுது, அடுத்தது விழறதுக்குள்ள என்சைம் அதை செலவழிச்சிடணும், அதுதான் விஷயம். சிரிஞ்ச் பம்ப் இருந்தா கை வலி மிச்சம், இல்லன்னா க்ளுக்கோஸும் க்ளுக்கோஸ் ஆக்ஸிடேஸும் போட்டு உள்ளயே மெதுவா பெராக்சைடு உண்டாக்கலாம், ஆனா க்ளுகானிக் அமிலம் சேர்ந்து பிஎச் இறங்கும், கவனிச்சுக்கிட்டே இருங்க.

என்சைம் போடாத ப்ளாங்க் ஒண்ணு கூடவே ஓட்டியே ஆகணும். பெராக்சைடு தானாவே மெதுவா சல்ஃபைடை ஆக்ஸிடைஸ் பண்ணும், அப்படி வர்றது ரெண்டு கண்ணாடி வடிவமும் பாதிப் பாதி, உங்க ஈஈ (ஒரு வடிவம் இன்னொண்ணை விட எவ்வளவு கூடுதல்ங்கற சதவீதம்) குறைஞ்சா என்சைமைத் திட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. முடிஞ்சதும் சோடியம் சல்ஃபைட் (Na2SO3, சல்ஃபைடு இல்ல) போட்டு நிறுத்தி, எத்தில் அசிடேட்ல இழுத்து, ரெண்டு வடிவத்தையும் பிரிச்சுக் காட்டற கைரல் காலம்ல ஏத்துங்க. சால்வெண்டை ஆவியாக்கறதுக்கு முன்னாடி பெராக்சைடு ஸ்ட்ரிப் ஒண்ணை நனைச்சுப் பாருங்க, நீலம் காட்டினா இன்னும் கொஞ்சம் சல்ஃபைட், இல்லாம ரோட்டாவேப் பக்கமே போகாதீங்க.