ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடும்போது தவிர்க்க வேண்டியவை

தமிழ் 'ஒன்று'தான் ஆங்கிலத்தில் 'ஒன்' ஆனது என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒப்பிடுவது இன்றைய உச்சரிப்பை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ஆன்'. ஜெர்மனில் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. இப்போது 'வன்' என்று சொல்லும்போது முன்னால் கேட்கும் 'வ' ஒலி பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அதே வேரில் பிறந்த 'அலோன்', 'ஓன்லி' இரண்டிலும் அது இன்றும் இல்லை, கவனியுங்கள். எந்தச் சொல்லானாலும், கிடைக்கும் மிகப் பழைய எழுத்து வடிவத்தை முதலில் எடுங்கள்.

உறவுள்ள மொழிகளிலும் இந்தப் பொறி உண்டு. ஆங்கில 'ஹேவ்', லத்தீன் 'ஹபேரே' இரண்டுக்கும் ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே ஒலி. இருந்தும் உறவு இல்லை. லத்தீனில் 'க' நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ' வரும்: 'கானிஸ்' – 'ஹவுண்ட்', 'கெந்தும்' – 'ஹண்ட்ரட்'. ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822-இல் வகுத்துக் காட்டிய ஒலி மாற்றங்களில் இதுவும் ஒன்று. அப்படிப் பார்த்தால் 'ஹேவ்' என்பதற்கு உண்மையான உறவுச்சொல், 'பிடித்தல்' என்று பொருள்படும் லத்தீன் 'கபெரே'. ரொம்பவும் ஒத்துப்போனாலே சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம், இனச்சொல்லைத் தாய்ச்சொல்லாக எண்ணிவிடுவது. 'ஃபாதர்' லத்தீன் 'பாட்டெர்' என்பதிலிருந்து வரவில்லை. இரண்டும் அதைவிடப் பழைய ஒரு மூலத்தின் பிள்ளைகள்.

எழுத்துக்கூட்டலையும் அப்படியே நம்ப முடியாது. 'ஐலண்ட்' என்பதில் ஒலிக்காமல் கிடக்கும் 'எஸ்' முதலில் இல்லவே இல்லை. லத்தீன் வழியில் வந்த 'ஐல்' என்பதோடு உறவு என்று தவறாக எண்ணி, 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் நுழைத்துவிட்டார்கள்.

கதைகளிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. 'பகட்டான' என்று பொருள்படும் 'போஷ்' (posh) என்பது கப்பல் பயணச்சீட்டில் அச்சிட்ட நான்கு முதலெழுத்துகள் என்பார்கள். அப்படி ஒரு சீட்டு இதுவரை அகப்படவில்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுப் பழக்கம். அதற்கு முந்தைய சொல்லுக்கு இப்படிக் கதை சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, தமிழிலிருந்து போன சொல்லே கிடையாதா? உண்டு. 'காட்டமரான்' நம் கட்டுமரம்தான். அதை நம்புவது ஒலிக்காக மட்டுமல்ல. 1697-இல் வெளியான, ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கரை மிதவையாக அது வருகிறது. பொருளும் இடமும் காலமும் பொருந்துகின்றன.

அகராதி 'தோற்றம் தெரியவில்லை' என்று போட்டிருந்தால் இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் நாய்க்கு வழக்கச் சொல் 'ஹுண்ட்'. அதை ஓரங்கட்டிய 'டாக்' எங்கிருந்து வந்தது என்பதற்கு எல்லாரும் ஏற்ற விடை இன்னும் இல்லை.